அரியரத்தினம் கண்டெடுத்த சேதுக் காசு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இந்தக் கதை என்னுடையதல்ல. கங்காரு நாட்டில், கேரம் டவுன்ஸ் கோவிலில், அன்னதான வரிசையில் எனக்கு முன்னால் நின்ற இரண்டு பேர் பேசியதை ஒட்டுக்கேட்டேன். சாம்பார் வந்ததும் பாவிகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். பாதி அவர்களுடையது, மீதி என் கைச்சரக்கு. எது எது என்று கேட்காதீர்கள்.

2

தொடக்கம் ஒன்று: “அதிகாலைக் கடலின் ஆழ்ந்த மௌனத்தில், காலம் தன்...”

(சீ, வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.)

தொடக்கம் இரண்டு: ரோவிலில் வசிக்கும் இளைப்பாறிய எஞ்சினியர் அரியரத்தினம், மண்ணுக்குள் உலோகம் கிடந்தால் கீச்சிடும் கருவி ஒன்றை வாங்கினார். ஆறு மாதம் கடற்கரை கடற்கரையாக அலைந்து அவர் தோண்டி எடுத்தவை: பியர் போத்தல் மூடிகள் நூற்றுச் சொச்சம், ஒரு கரண்டி, கம்பி வைத்த யாரோ ஒருவரின் பொய்ப்பல். “இதுக்கு எங்கட குப்பை வாளியைக் கிளறியிருக்கலாம்” என்றார் மனைவி.

ஏழாம் மாதம், கேரம் கடற்கரையில் கருவி ஒரு கத்துக் கத்தியது. ஒரு சாண் ஆழத்தில் செப்புக் காசு. அதில் படுத்திருக்கும் நந்தி, நந்திக்குக் கீழே தமிழில் ‘சேது’. விளிம்பில் சின்ன ஓட்டை. அட, எழுநூறு வருடத்துக்கு முந்திய, யாழ்ப்பாண அரசர் காலத்துக் காசு! மனிதர் அப்படியே ஈரமணலில் உட்கார்ந்துவிட்டார்.

3

எஞ்சினியர் மூளை சும்மா இருக்குமா? யாழ்ப்பாணத்தான் ஒருவன் கடலால் வந்திருக்கிறான். காசில் ஓட்டை போட்டு அரைஞாணில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறான். அப்படியென்றால், வெள்ளைக்காரன் கப்பலுக்குப் பல நூறு வருடம் முந்தியது எங்கள் கப்பல்!*

* “ஹலோ அப்பா, பூர்வகுடி மக்கள் ஓல்ரெடி ஹியர்!” என்றாள் மகள் வினுஷா. “அது தெரியும் பிள்ளை. நான் ரெண்டாவதாய் வந்த ஆக்களைச் சொல்லுறன்” என்றார் அரியரத்தினம்.

காசின் படம் வாட்ஸ்அப் குழுவில் ஏறியது. ஞாயிற்றுக்கிழமை சமூக மண்டபத்தில் உரை, தலைப்பு ‘முதல் கப்பல் எங்கட’. நூற்றிருபது பேருக்கு வடையும் சொல்லியாகிவிட்டது. வாழ்நாளில் முதன்முறையாக அவர் பேசுவதைக் கேட்க ஒரு சபை கூடப்போகிறது.

4

வெள்ளிக்கிழமை பின்னேரம், குழுவில் படத்தைப் பார்த்த செல்வராணி போன் எடுத்தார். அவருடைய கணவர் சிவபாலன் போன வருடம் மாரடைப்பில் இறந்தவர்.

(செல்வராணியை இந்த இடத்தில் அழவைக்க மூன்று தரம் முயன்றேன். அசையவில்லை.)

“அரியண்ணை, அது இவற்ற காசு.”

“எவற்ற?”

“என்ர மனிசன்ர. கேரம் கடலில அஸ்தி கரைக்கேக்க, மண்முட்டிக்குள்ள ஒரு காசு போடுங்கோ எண்டார் ஐயர். ஆற்ற பொக்கற்றிலயும் சல்லிக்காசு இல்லை, எல்லாரும் கார்ட்டோட நிக்கினம். முட்டிக்குள்ள கார்ட்டைப் போடேலுமே? இவர் வைச்சிருந்த அந்தக் காசைத்தான் போட்டனான்.”

அரியரத்தினம் காசைத் திருப்பிப் பார்த்தார். “அப்ப அந்த ஓட்டை?”

“நான் போடுவிச்சது. படகில ஏறேக்க அரைஞாணில கட்டிவிட்டனான். இருவது நாள் கடலில கிடந்து வந்த மனிசன்.” அதே குரலில் தொடர்ந்தார். “ஒருக்கால் பொங்கல் விழாவில நீங்கள் சொன்னியள், படகில வந்தவையாலதான் எங்கட மரியாதை போச்சு எண்டு. இவர் உங்களுக்குப் பக்கத்துக் கதிரையில இருந்தவர்.”

அரியரத்தினம் விமானத்தில், விசாவோடு, கழுத்தில் டை கட்டிக்கொண்டு வந்து இறங்கியவர். வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது.

“நான் கூட்டத்தை நிப்பாட்டுறன், ராணி. காசைக் கொண்டுவந்து தாறன்.”

“ஐயோ, வேண்டாம். அவருக்கெண்டு குடுத்ததைத் திருப்பி வாங்கேலாது. கூட்டத்தையும் ஏன் நிப்பாட்டுறியள்? நீங்கள் கண்டுபிடிச்சது சரிதானே? யாழ்ப்பாணத்தான், கடலால வந்தவன், அரைஞாணில காசு. வருசம் மட்டும் கொஞ்சம் பிழை.”

5

முடிவு அ: வயிற்றோட்டம் என்று சொல்லி அரியரத்தினம் வீட்டில் படுத்துக்கொள்கிறார். (நூற்றிருபது பேரின் வடை வீணாகும். மனம் வரவில்லை.)

முடிவு ஆ: எழுநூறு வருடம் என்றே அடித்துவிடுகிறார், கைதட்டல் கூரையைப் பிய்க்கிற... (இதை எழுதும்போதே செல்வராணி முதல் வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டார். நீங்கள் என்றால் எழுதுவீர்களா?)

முடிவு இ: ஞாயிறு, நாலு மணி. மண்டபம் நிறைந்திருந்தது. வழக்கம்போல விமானத்தில் வந்தவர்கள் முன்னால், படகில் வந்தவர்கள் பின்னால். முன்வரிசையில் வந்து உட்கார்ந்த செல்வராணியைச் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். அரியரத்தினம் மைக்கைப் பிடித்தார்.

“இந்தக் காசை ஒரு யாழ்ப்பாணத்தான் அரைஞாணில கட்டிக்கொண்டு, கடலில நாள்கணக்காய்க் கிடந்து, இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவர்.”

சபை கைதட்டியது, பின்வரிசையும் சேர்த்து. இதுவரை சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை.

“அவர் வந்த வருசம்...”

நான் இதற்குமேல் எழுதமாட்டேன். அந்த மண்டபத்தில் நீங்களும் இருக்கிறீர்கள், எந்த வரிசையில் என்று எனக்குத் தெரியாது. ஆண்டை நீங்களே சொல்லுங்கள். மனிதர் மைக்கைப் பிடித்தபடி உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.