கர்னல் விற்ற காயம்

பல் டாக்டரின் கண்ணுக்கு அடுத்தவர் வாயில் இருக்கும் ஓட்டை எதுவும் தப்பாது. எக்ஸ்ரே பார்க்கும் முன்பே, இங்கே யாரோ அரைகுறையாக அடைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷர், பழைய ஜீப் என்று வந்துவிட்டால் மட்டும் மூளையைக் கழற்றிக் கிளினிக்கிலேயே வைத்துவிட்டுக் கிளம்புவார். என்ன செய்ய, ஆசை யாரை விட்டது.

அந்த ஆசைக்கு எண்ணெய் வார்க்க ஒரு சங்கம் இருந்தது. பழைய ராணுவ ஜீப் வைத்திருப்பவர்கள் சங்கம். அதன் தலைவரை எல்லோரும் கர்னல் என்பார்கள். ஆயுள் முழுக்கக் குடை வியாபாரம் செய்தவர் அவர். ராணுவத்துக்கும் அவருக்கும் இருந்த ஒரே சம்பந்தம் மீசை. சங்கத்தின் சட்டம் ஒன்றே ஒன்றுதான்: இன்ஜினை மாற்றலாம், சக்கரத்தை மாற்றலாம், பெயின்டை எத்தனை தடவை வேண்டுமானாலும் அடிக்கலாம், ஆனால் போரில் பட்ட காயத்தை மட்டும் யாரும் தொடக்கூடாது. காயம்பட்ட வண்டிக்காரர்கள் முன்வரிசை. மற்றவர்களுக்குக் கடைசி பெஞ்சும் ஆறிப்போன டீயும்.

டாக்டருக்கு வருஷக்கணக்காக ஆறிப்போன டீதான். ஒரு காலத்தில் அவரிடமும் நீல நிறத்தில் ஒரு ஜீப் இருந்தது. சங்கத்தார் வீட்டுக்கே வந்து பார்த்து, இது போருக்குப் போன வண்டியில்லை, மூட்டை ஏற்றிய வண்டி என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்கள். மானம் போன கோபத்தில் அதே வாரம் ஒரு புரோக்கர் தலையில் அதைக் கட்டினார். இனி ஜீப் நின்ற இந்த ஷெட் உனக்குத்தான் என்று மனைவியிடம் வாக்கும் கொடுத்தார். அந்த அம்மா அங்கே இரண்டு தையல் மெஷின் போட்டார். இரண்டு ஐந்தாகி, இப்போது மூன்று பள்ளிக்கூடங்களுக்கு யூனிஃபார்ம் அங்கிருந்துதான் போகிறது.

இந்த நேரம் பார்த்துத்தான் கர்னல் தன் பச்சை ஜீப்பை விற்கப்போவதாகச் சொன்னார். அதன் முதுகில், இடது பக்கம், வட்டமாக ஒரு ஓட்டை. ஓட்டையிலிருந்து எலிவால் போல ஒரு கிழிசல். பீரங்கிக் குண்டின் சிதறல் என்பார் கர்னல். ஓட்டுநர் தோளில் ரத்தம் வழிய ஆற்றைக் கடந்தாராம். டாக்டர் அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்துக் கண் கலங்கினார். என்ன விலை என்று மட்டும் கேட்காதீர்கள், அதை அவர் வீட்டிலேயே சொல்லவில்லை.

வீட்டில் சொன்னதெல்லாம் ஷெட்டைக் காலி செய்ய வேண்டும் என்பதைத்தான். மனைவி கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"அப்ப நான் எங்க தைக்கிறது?"

"மாடிப்படிக்குக் கீழ இடம் சும்மாதானே கிடக்கு."

"ஆள் நுழையலாம். மெஷின் நுழையாது."

மறுநாளே ஒவ்வொரு மெஷினாக வெளியே வந்து, பழைய போர்வை போர்த்தப்பட்டு வராந்தாவில் நின்றது. தைக்க வரும் பெண்கள், இனி வரணுமா வேண்டாமா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். டாக்டர் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஜீப் வந்தது. சங்கமே தொப்பி போட்டுக்கொண்டு கூட வந்தது. வாசல் வரை உறுமிக்கொண்டு வந்த வண்டி, ரிவர்ஸ் போட்டதும் இருமி நின்றுவிட்டது. அதனாலென்ன, வீரர்கள் ஆறு பேர் இருக்கிறார்களே, பின்பக்கமாகத் தள்ளினார்கள். டாக்டர் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் அதிகமாக ஒடித்துவிட்டார்.

"போதும், போதும், போதும்!" என்று மனைவி கத்தினார்.

டப்பென்று ஒரு சத்தம். டாக்டர் இறங்கிப் பின்னால் ஓடினார். கேட் தூணில் கதவை மாட்டி வைக்க ஒரு தடித்த இரும்புக் கொக்கி உண்டு. அதன் உருண்டைத் தலை ஜீப்பின் ஓட்டைக்குள் இருந்தது. வளைந்த வால் கிழிசலுக்குள் இருந்தது. இம்மி பிசகவில்லை, டப்பாவும் மூடியும் மாதிரி உட்கார்ந்திருந்தது.

டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. இதே 'போதும் போதும்' அவர் காதில் ஏற்கெனவே விழுந்ததுதான். சங்கத்தார் உதட்டைப் பிதுக்கிப் போன அன்று, வந்த ஆத்திரத்தில் நீல ஜீப்பைக் கண்மண் தெரியாமல் ரிவர்ஸ் எடுத்து இதே தூணில் இடித்தார்; என்ன சேதம் என்று இறங்கிக்கூடப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தார். அவரும் பார்த்தார். அவர் பார்வை டாக்டரை விட்டு வராந்தாவில் போர்வைக்குள் நின்ற மெஷின்களுக்குப் போனது. டாக்டருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. முன்வரிசையும் வேண்டாம், சூடான டீயும் வேண்டாம் என்று ஆகிவிட்டது.

"கர்னல், இது என் பழைய ஜீப். அந்த நீல ஜீப். இந்த ஓட்டை நான் இடிச்சது. போரும் இல்ல, கீரும் இல்ல."

கர்னல் மண்டியிட்டுக் கொக்கியைத் தடவிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். எழுந்து தொப்பியைக் கழற்றினார். பின்னாலேயே ஐந்து தொப்பிகள் கழன்றன. ஜீப்பின் காயம் இந்தக் கேட்டால் வந்தது என்றால், இந்தக் கேட்டும் அந்தப் போரில் இருந்திருக்க வேண்டும், ஏதோ செக்போஸ்ட்டில் நின்ற கேட்டாகத்தான் இருக்கும் என்று சங்கத்தாருக்கு விளக்கினார். சங்கம் தலையாட்டியது. டாக்டர் மறுபடியும் ஆரம்பித்தார், கேட் பக்கத்துத் தெரு வெல்டிங் பட்டறையில் செய்தது என்று. கர்னல் அவர் தோளில் கைபோட்டுத் தனியே அழைத்துப் போனார்.

"டாக்டர், கேட்டை விக்க மனசில்லன்னா நேரா சொல்லுங்க. இப்படிக் கதை கட்டாதீங்க."

டாக்டர் வாயைப் பிளந்தார். அதற்குள் மனைவி வந்துவிட்டார்.

"கேட் தனியா கிடையாது சார். ஜீப்போட சேர்த்துத்தான்."

கர்னலுக்கு அதைவிட என்ன வேண்டும்? காயத்தையும் காயப்படுத்தியதையும் பிரிப்பது மகாபாவம் என்றார். தான் விற்றதைவிடக் கூடுதல் விலைக்கே வாங்கிக்கொள்கிறேன் என்றார். டாக்டர் இன்னொரு தடவை உண்மையைச் சொல்லப் போனார்.

"ரெண்டு தடவை சொல்லிட்டீங்க, அவங்களுக்கு வேணாமாம்" என்றார் மனைவி. "இனி வாயை மூடுங்க."

நாள் முழுக்க ஊராரை வாயைத் திறக்கச் சொல்லும் மனுஷர் வாயை மூடினார். கேட்டைத் தூணோடு பெயர்த்து, அதே ஜீப்பில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போனார்கள். தெரு முனை திரும்பும் வரை கர்னல் சல்யூட் அடித்தபடியே நடந்தார்.

அன்று சாயங்காலமே மெஷின்கள் ஷெட்டுக்குத் திரும்பின. ஐந்தையும் டாக்டர்தான் தூக்கினார். அந்த வாரமே புதுக் கேட்டும் வந்தது. ஒற்றைக் கதவு, இரண்டு பக்கமும் சுவர் எழுப்பி நடுவில் மாட்டியிருந்தார்கள். டாக்டர் உள்ளே போய் வெளியே வந்து, மறுபடியும் உள்ளே போய்ப் பார்த்தார். ரொம்பக் குறுகலாக இருக்கிறதே என்று மெல்ல இழுத்தார்.

மனைவி மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஆள் நுழையலாம்" என்றார். "ஜீப் நுழையாது."