பச்சை இலை

தோட்டத் தொழிலாளர் லயத்துக் கூரைமேல் சாய்ந்து நின்ற காட்டுப் பலாவைப் பார்த்துப் பார்த்தே சுவக்கீனுக்குத் தூக்கம் போயிருந்தது. விழுந்தால் மனைவி அன்னாளும் மகள் ஜிஸ்மியும் படுக்கிற அறைமேல்தான் விழும். வெட்ட அனுமதி கேட்டான். பச்சை மரத்தைத் தொடக்கூடாது, காய்ந்தால் பார்க்கலாம் என்று வனத்துறையில் கைவிரித்துவிட்டார்கள். சரி, காயவைத்துவிடுவோம் என்று துணிந்தான். வண்டன்மேட்டு ஏலக்காடுகளில் பலரும் கமுக்கமாகச் செய்கிற வேலைதான். அடிமரத்தைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குப் பட்டையை உரித்தான். வடிந்த பாலைத் துடைத்து, சேறு பூசி மறைத்தான்.

மரம் அசைந்து கொடுக்கவில்லை. ஒரு மழைக்காலம் போய், கோடையும் போயிற்று. இலை மட்டும் பச்சைப்பசேலென்று நின்று அவனைக் கேலி செய்தது.

பிளஸ் டூவில் தாவரவியல் படிக்கும் ஜிஸ்மி ஒருநாள் அந்தச் சேற்றைச் சுரண்டிப் பார்த்துவிட்டாள்.

"நீங்களாப்பா செஞ்சீங்க?"

"சத்தம் போடாத. கேஸாயிரும்."

"தண்ணி உள்தடி வழியா மேல ஏறுது, அதான் இலை வாடல. இலை ஆக்குற சாப்பாடு பட்டை வழியாத்தான் வேருக்கு எறங்கணும். அந்த வழிய அறுத்துட்டீங்க. வேரு பட்டினி கெடந்து சாகுது. முன்னவிட இப்பத்தாம்பா பயம். கம்பம்மெட்டுல சித்தி வீட்டுக்குப் போயிருவோம்."

"ஏன் போறீகன்னு கேட்டா என்ன சொல்ல? இலை உதிரட்டும், பொறவு பாப்போம்."

அவள் சொன்னது அவனுக்குப் புரியாமல் இல்லை. ஜெயிலுக்குப் பயந்தான், அவ்வளவுதான். பச்சை இலையை நம்புவது சௌகரியமாக இருந்தது.

மழை பிடித்த வாரம், காய்ச்சலென்று அன்னாள் வேலைக்குப் போகாமல் படுத்திருந்த பகலில், மரம் வேரோடு சாய்ந்தது. பெரிய காற்றுகூட இல்லை. ஏலக்காட்டு வேலையிலிருந்து ஓடிவந்த சுவக்கீன், கிளைகளை வெட்டி அவளை வெளியே எடுப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மண்ணைவிட்டு வெளிவந்த வேர்கள் அழுகிய மரவள்ளிக் கிழங்காக அவன் காலடியில் நசுங்கின.

அடக்கத்தன்று உபதேசியார் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"நல்ல பச்ச மரம். இப்பிடிச் சாயும்னு யாரு கண்டா? கர்த்தரோட சித்தம், சுவக்கீன்."

பெட்டியின் தலைமாட்டில் இருந்த ஜிஸ்மி நிமிர்ந்து அப்பனின் வாயையே பார்த்தாள். இல்லை என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும் அவளுக்கு.

"ஆமாய்யா," என்றான் சுவக்கீன்.

அதன்பிறகு அவள் அவனை அப்பா என்று கூப்பிடவில்லை.