பதினான்காம் தூணின் கண்ணாடி

விமான நிலையத்தில் அவரை எல்லோரும் விரிசல்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். வேலையும் அதுதான். காலை ஆறு மணிக்கு ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு முனையத்தில் தூண் தூணாக ஏறி இறங்க வேண்டும். எங்கே கீறல் விட்டிருக்கிறதோ அங்கே, அதற்குக் குறுக்கே விரல் நீளக் கண்ணாடிப் பட்டையை ஒட்டித் தேதி எழுதி வைப்பார். கட்டடம் அசையாமல் இருந்தால் கண்ணாடி முழுசாக இருக்கும். மயிரிழை அசைந்தாலும் பட்டென்று உடைந்துவிடும். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்களே, அந்த மணிதான் இந்தக் கண்ணாடி. மணியடித்தால் காதைப் பொத்திக்கொள்கிறவர்களை என்ன செய்வது என்று பழமொழி சொன்ன புண்ணியவான் சொல்லிவிட்டுப் போகவில்லை.

முனையம் முதலில் ஒரே ஒரு கூடம்தான். தூண்களை நிறுத்தியவர்கள், மேலே தகரக் கூரை மட்டும் வரும் என்று கணக்குப் போட்டு நிறுத்தினார்கள். பயணிகள் பெருகினார்கள், பக்கவாட்டில் ஒரு நீளக் கட்டடம் முளைத்தது. இன்னும் பெருகினார்கள், எதிர்ப்பக்கம் இன்னொன்று. பிறகு கூரையைக் கழற்றிவிட்டு அங்கே ஒரு மாடி, மாடியில் கடைகள், கடைகளுக்கு மேலே தண்ணீர்த் தொட்டிகள் என்று வேலை இன்னும் முடிந்தபாடில்லை. பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆக ஆக அறை இழுத்துக் கட்டுகிற கூட்டுக்குடும்ப வீடுதான் இதுவும். பழைய தூணை ஒரு வார்த்தை கேட்டு யாரும் எதையும் ஏற்றவில்லை. போதாக்குறைக்கு, இப்போது அடியில் ரயில் நிலையத்துக்காகத் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

தோண்ட ஆரம்பித்த மூன்றாம் வாரம் பதினான்காம் தூணில் கண்ணாடி உடைந்தது. விரிசல்காரர் துண்டுகளை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் ஓடினார். மேலாளர் வயதில் இளையவர். தேன் ஒழுகப் பேசுவார்.

"அண்ணே, கண்ணாடின்னா உடையத்தானே செய்யும்? எந்த டிராலி இடிச்சுதோ. புதுசு ஒண்ணு ஒட்டுங்க, இன்னைய தேதி போடுங்க, அவ்வளவுதான்."

"டிராலி இடிக்கிற உயரமா சார் அது? நானே ஏணி போட்டுத்தான் எட்டுறேன்."

"அப்போ வெயில் சூட்டுல உடைஞ்சிருக்கும். நீங்க பாட்டுக்கு எதையாவது எழுதிவச்சு மாடி வேலையை நிறுத்திடாதீங்கண்ணே. உங்களைத்தான் நம்பியிருக்கேன்."

புதுசு ஒட்டினார். ஒட்டிய கையோடு பதிவேட்டில் எழுதினார்: 'கண்ணாடி முழுசாக உள்ளது.' பொய் இல்லையே, அப்போதுதான் ஒட்டிய கண்ணாடி முழுசாகத்தானே இருக்கும் என்று தன்னையே தேற்றிக்கொண்டார். ஒன்பதாம் நாள் அதுவும் உடைந்தது. மறுபடி ஒட்டினார், மறுபடி எழுதினார். ஏழு மாதத்தில் பதினொரு கண்ணாடி. பதிவேட்டில் மட்டும் ஒரு வரி மாறவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களைப் பார்த்திருக்கிறோம். இவர் ஒரு தூணையே மறைத்தார், அதுவும் விரல் நீளக் கண்ணாடியை வைத்து. நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்கள் பயந்தால் இப்படித்தான் ஆகிறது.

அவர் மனைவியும் அங்கேதான் வேலை பார்த்தாள், துப்புரவுப் பணியாளர்களுக்குத் தலைவியாக. இத்தனை நாளும் சரக்குக் கிடங்குப் பக்கம் இருந்தவளை அந்த வாரம் பழைய கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"என்னங்க, அந்தக் கூடத்துல ஒரு கூத்தைக் கேளுங்க. மாப் போட்டா தண்ணி எல்லாம் ஒரே பக்கமா ஓடுது. போன மாசம்கூட இப்படி இல்லையாம்."

"எந்தப் பக்கமா ஓடுது?"

"பதினாலுன்னு நம்பர் போட்ட தூண் இருக்குல்ல, அதோட காலடியில போய்க் குளம் கட்டுது."

"நாளையிலேருந்து நீ லீவு போட்டுடு" என்றார். எதற்கென்று கேட்டாள். முதல் கண்ணாடியில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் போடவில்லை.

"எனக்கு லீவு, சரி. என்கூட இருபத்திரெண்டு பேர் அங்க வேலை பாக்குறாங்களே, அவங்களுக்கு யார் லீவு சொல்றது? அவங்க புருஷன்மார் ஏணி ஏறிப் பாக்கலையே."

இருபத்தாறு வருட வாழ்க்கையில் மனைவி முன்னால் அப்படி ஒருநாளும் அவர் வெட்கப்பட்டதில்லை.

மறுநாள் காலையில் ஏணி ஏறியபோது, முந்தின நாள் ஒட்டிய பன்னிரண்டாவது கண்ணாடி இரண்டாகக் கிடந்தது. போன வாரம் நகம் நுழையாத கீறலில் இன்று பென்சில் நுழைந்தது. மேலாளருக்குப் போன் போட்டார்.

"தலைக்கு மேல வேலை இருக்குண்ணே. தொட்டிக்கு இன்னைக்குத்தான் முதல்முதலா தண்ணி ஏத்திட்டிருக்கோம். சாயங்காலம் பேசுவோம்."

கீழே கூடம் நிறைய ஜனம். நடுவில் மனைவி மாப்பும் கையுமாக நின்றாள். அவள் லீவு போடவில்லை. விரிசல்காரர் ஏணியை விட்டு இறங்கி, சுவரில் இருந்த தீ அபாயப் பெட்டியின் கண்ணாடியை முழங்கையால் உடைத்துப் பொத்தானை அமுக்கினார்.

பத்து நிமிடத்தில் கூடம் காலி. வாசலுக்கு வெளியே அத்தனை பேரும் வெயிலில் நின்று திட்டினார்கள். மனைவி தன் ஆட்களை இரண்டு முறை எண்ணிப் பார்த்தாள், இருபத்திரண்டு. மேலாளர் ஓடி வந்தார். பேச்சில் தேன் வற்றிப்போயிருந்தது.

"யோவ், எங்கய்யா நெருப்பு?"

"நெருப்பு இல்ல சார். தூண் இறங்குது. பன்னெண்டு கண்ணாடி உடைஞ்சுது, நான்தான் மாத்தி மாத்தி ஒட்டினேன். எல்லார் முன்னாடியும் சொல்றேன், யாரையும் உள்ள விடாதீங்க."

மேலாளர் பதிவேட்டை எடுத்துவரச் சொல்லிப் பாதுகாப்பு அதிகாரி கையில் கொடுத்தார். அந்த அம்மாள் நியாயமானவர். அவசரப்படாமல் ஏழு மாதத்துப் பக்கங்களையும் புரட்டினார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாம்மா."

"நேத்து வரைக்கும் முழுசா இருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. இப்ப நான் எதை நம்புறது?"

விரிசல்காரர் தன் கையெழுத்தையே பார்த்தார். இருநூறு நாளில் ஒரே ஒரு நாள் உண்மையை எழுதியிருந்தால் போதும், அது இன்று அவருக்காகப் பேசியிருக்கும். தன் கையாலேயே தன் வாயைக் கட்டிக்கொண்டுவிட்டார். இரண்டு காவலர்கள் வந்து அவர் கைகளைப் பிடித்துக்கொண்டார்கள்.

தடங்கலுக்கு வருந்துகிறோம் என்று ஒலிபெருக்கி சொன்னது. ஜனம் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு உள்ளே நகர்ந்தது. மனைவி மட்டும் வாசலில் மாப்பைக் குறுக்கே பிடித்து நின்றாள். "நம்ம ஆளுங்க ஒருத்தரும் உள்ள போகாதீங்க" என்றாள். அந்த இருபத்திரண்டு பேரும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றார்கள். பயணிகள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"போகாதீங்கம்மா" என்று கைக்குழந்தையோடு வந்த ஒருத்தியைக் கெஞ்சினாள்.

"ஃபிளைட்டை விட்டா நீங்களா டிக்கெட் எடுத்துத் தருவீங்க?" என்று கேட்டுவிட்டு அவளும் போனாள். முந்நூறு பேருக்குக் குறையாமல் உள்ளே போயிருப்பார்கள்.

கடைசி ஆளும் போன பிறகு பெரிய தானியங்கிக் கதவு மூட ஆரம்பித்தது. பாதி வந்து நின்றது. பின்னால் போய் மறுபடி வந்தது, அதே இடத்தில் கிறீச்சென்று இறுகி நின்றது. கதவின் மேல்சட்டம் ஒரு பக்கமாகச் சரிந்திருந்ததை விரிசல்காரர் பார்த்தார், கத்தினார். காவலர்கள் பிடியை இறுக்கினார்கள்.

மேலாளரும் கதவைப் பார்த்தார். "மெயின் வாசல்ல கதவு சிக்குது, ரிப்பேர் பாக்குற ஆளை உடனே அனுப்புங்க" என்று போனில் சொல்லிவிட்டு, இருந்த சந்தில் உடம்பை ஒருக்களித்து நுழைத்துக்கொண்டு உள்ளே போனார்.