இடது மூலையில் ஒரு வட்டம்

தெற்குக் கடல் தீவு ஒன்றிலிருந்த அல்வர்ஸ்டன் ஊரின் கணினிச் சங்கத்தில் எல்வின் ஸ்டப்பிங்ஸ் கை வைத்த இயந்திரத்திலிருந்து ஒரு கடிதமோ ஒரு படமோ தொலைந்ததாகப் பேச்சு இல்லை. அதை அவர் தாமாகச் சொல்ல மாட்டார். பிறர் சொன்னால் மறுக்கவும் மாட்டார். முப்பத்தெட்டு வருடம் தொலைபேசி நிலையத்தில் கம்பி இணைத்தவர். எழுபத்தொன்பது வயதிலும் சட்டையின் மேல் பொத்தான் வரை போட்டுக்கொண்டுதான் கூட்டத்துக்கு வருவார்.

அவர் லினக்ஸ்காரர்; எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாத அந்த இலவச இயங்குதளத்தைத் தவிர வேறு தொடாதவர். தன் வீட்டுக் கதவின் சாவி முகம் தெரியாத யாரிடமோ இருக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை முதியோர் மன்றக் கூடத்தில் அதை நின்றபடி சொல்வார். உட்கார்ந்தபடி கேட்டு உச்சுக்கொட்டுபவர் கார்த் பில்பீம். மர ஆலையில் மின்வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், விண்டோஸை விட்டு அசையாதவர். இருபது வருடமாக இருவருக்கும் இதே சண்டை. சண்டை முடிந்ததும் ஒருவருக்கு ஒருவர் தேநீர் ஊற்றிக் கொடுப்பார்கள்.

கோடை வெயில் கொளுத்திய பிப்ரவரிக் கூட்டத்தில் கார்த் கையைத் தூக்கினார்.

"எல்வின், ரொம்ப நாளா ஒரு சந்தேகம்பா. ஊர்ல இருக்கிற கிழடு கட்டை கம்ப்யூட்டரையெல்லாம் மாத்திட்ட. உன் வீட்டுல நோலீன் எதுல லெட்டர் அடிக்கிறா?"

கூடத்தில் ஒருவர் இருமினார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

"பழைய விண்டோஸ்தான். ஏழு" என்றார் எல்வின். "அதுக்கு நெட் இணைப்பே கிடையாது. அடிக்கிறா, பிரிண்ட் எடுக்கிறா, தபால்ல போடுறா. அதுல என்ன ஆபத்து?"

"ஆபத்து இல்லப்பா. எங்களுக்கெல்லாம் மட்டும் அது விஷம், உன் பொண்டாட்டிக்கு மட்டும் அது பால். அவ்வளவுதான் கேட்டேன்."

அன்று எல்வின் தேநீர் குடிக்காமல் வீட்டுக்கு வந்தார்.

வருடத்துக்கு ஒருமுறை, மார்ச் மாதத்தில், சங்கத்தில் மாற்றும் நாள் உண்டு. உறுப்பினர்கள் இயந்திரங்களைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். எல்வின் ஒவ்வொன்றின் உள்ளிருப்பதையும் துடைத்தழித்து லினக்ஸ் ஏற்றுவார். வேலை முடிந்ததும், விசைப்பலகையில் விண்டோஸ் கொடி போட்ட விசையின் மேல் லினக்ஸின் அடையாளமான சின்னப் பெங்குவின் படம் ஒன்றை ஒட்டுவார்கள். எல்லோரும் கைதட்டுவார்கள். அந்த வருடம் முதலாவதாக மேசைக்கு வந்தது நோலீனின் இயந்திரம்.

"என் லெட்டரெல்லாம் இருக்கும்ல, எல்?" என்று கேட்டாள் நோலீன்.

"ஒரு எழுத்து போகாது."

"அப்ப சரி."

அவள் இப்போதெல்லாம் எதற்கும் சரி என்றுதான் சொன்னாள். போன வருடம் மருத்துவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். அந்த வார்த்தையை எல்வின் காரிலேயே விட்டுவிட்டு வந்தார். வீட்டுக்குள் கொண்டுவரவில்லை. மகள் மெரினுக்குக்கூடச் சொல்லவில்லை. ஸ்டப்பிங்ஸ் வீட்டில் யார் மனசு எந்த நிலையில் இருக்கிறது என்பது ஊர் பேசும் விஷயமல்ல.

"முழு நகல் எடுத்தாச்சா?" என்று கார்த் பின்னாலிருந்து கேட்டார்.

துடைப்பதற்கு முன் இயந்திரத்தை அப்படியே முழுதாக நகல் எடுத்து வைக்க வேண்டும் என்பது எல்வின் மற்றவர்களுக்குப் போட்ட சட்டம். சுவரில் அவர் கையெழுத்திலேயே அது தொங்கியது. ஆனால் அதற்கு இரண்டு மணி நேரமாகும். கூட்டம் பார்த்துக்கொண்டு நின்றது.

"லெட்டரெல்லாம் எடுத்தாச்சு. மிச்சம் குப்பை" என்றார்.

தொண்ணூறு நிமிடத்தில் வேலை முடிந்தது. பெங்குவினை நோலீனே ஒட்டினாள். கொஞ்சம் கோணலாக ஒட்டினாள்.

நோலீனின் அக்கா ஏவிஸ் நியூசிலாந்தில், இன்வர்கார்கிலில் இருந்தாள். ஐம்பது வருடமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அக்காவுக்கு ஒரு கடிதம். கை நடுங்க ஆரம்பித்த பிறகு கணினியில். கோழிக்கறி அடுப்பில் வேகும் நேரத்தில் உட்காருவாள். சுட்டி இடது கீழ் மூலைக்குப் போகும். அங்கே ஒரு வட்டம். அதை அழுத்தினால் மேலே விரியும் பட்டியலில் மூன்றாவது வரி. வெள்ளைத் தாள் திறக்கும். அன்புள்ள ஏவிஸ்.

ரொட்டிக்கடைக்குப் போகும் வழியை மறந்து ஆற்றங்கரையில் நின்றவள்தான். தேயிலை டப்பாவைத் துணி துவைக்கும் இயந்திரத்தில் வைத்தவள்தான். ஆனால் அந்த இடது மூலைக்கு மட்டும் அவள் கை ஒருநாளும் வழி கேட்டதில்லை. எல்வின் இதைப் பார்த்திருந்தார். யோசித்துத்தான் பார்க்கவில்லை.

மாற்றிய மறுநாள் ஞாயிறு. நோலீன் உட்கார்ந்தாள். கை இடது மூலைக்குப் போனது. அங்கே ஒன்றுமில்லை. பட்டியல் இப்போது மேலே இருந்தது.

"எல், யாரோ எடுத்துட்டாங்க."

"யாரும் எடுக்கல. மேல பாரு. அங்கதான் இருக்கு, இன்னும் வசதியா."

"ஆமா, வசதியா இருக்கு" என்றாள். கை மறுபடி கீழேதான் போனது.

எல்வின் அழகான கையெழுத்தில் ஏழு வரி எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டினார். அவள் முதல் வரியைப் படிப்பாள். திரையைப் பார்ப்பாள். பார்ப்பதற்குள் முதல் வரி போய்விடும். மறுபடி படிப்பாள். அவர் பின்னால் நின்று, "நிதானமா, நிதானமா" என்பார். அவர் குரல் நிதானமாக இருக்காது. மூன்றாவது ஞாயிறு அவள் பாதியில் எழுந்து உருளைக்கிழங்கு உரிக்கப் போனாள். ஐந்தாவது ஞாயிறு உட்காரவே இல்லை.

"நான் அடிச்சுத் தரட்டுமா?" என்று அவர் ஒருமுறை கேட்டார்.

"எனக்கும் ஏவிஸுக்கும் நடுவுல நீ எதுக்கு?" என்று சிரித்தாள். அது பழைய நோலீனின் சிரிப்பு. அவர் அதோடு விட்டுவிட்டார்.

ஏப்ரல் கடைசியில் ஏவிஸ் தொலைபேசியில் கூப்பிட்டாள். அவளுக்குக் காது மந்தம். கத்தித்தான் பேச வேண்டும்.

"எல்வின், அவ உடம்பு நல்லா இருக்கா? ஏழு வாரமா லெட்டர் இல்ல!"

"பிரிண்டர் கெட்டுப்போச்சு, ஏவிஸ்!" என்று எல்வின் கத்தினார். "பாகம் கடல் தாண்டி மெயின்லேண்டுலருந்து வரணும்!"

பிரிண்டர் மேசை மேல் பளிச்சென்று இருந்தது. கல்யாணமாகி ஐம்பத்திரண்டு வருடத்தில் அவர் அந்த வீட்டிலிருந்து சொன்ன முதல் பொய் அது. சொல்லி முடித்ததும் கழுத்துப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மே மாதம் லான்செஸ்டன் நகரத்திலிருந்து மெரின் வந்தாள். ஆப்பிள் மடிக்கணினிக்காரி. அப்பாவுடைய பெங்குவினையும் கார்த்தின் விண்டோஸையும் ஒரே தட்டில் வைத்துக் கேலி செய்பவள். அன்று கேலி செய்யவில்லை. ஒட்டியிருந்த ஏழு வரியைப் படித்தாள்.

"இது என்னப்பா?"

"அம்மாவுக்கு. புதுசு பழகணும்ல."

"அம்மா எப்ப கடைசியா எழுதினா?"

"இப்ப கொஞ்சம் அசதியா இருக்கா."

"அப்பா, நான் அவளோட பொண்ணு. போன்ல ஒரே விஷயத்தை நாலு தடவை சொல்றா. எனக்குத் தெரியாதுன்னு நினைக்கிறீங்களா?" மெரின் குரலைத் தாழ்த்தினாள். "வழி தெரிஞ்ச ஒரே இடம் அதுதான் அவளுக்கு மிச்சம் இருந்துச்சு. அதையும் மாத்திட்டீங்களே."

"கண்டதையும் பேசாதே. உங்கம்மாவுக்கு ஒண்ணுமில்ல" என்றார் எல்வின். மெரின் தேநீர்க் கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டுப் புறப்பட்டாள்.

ஜூன் மாதக் கூட்டத்துக்கு நோலீனும் வந்தாள். வெளியே கடலிலிருந்து சாய்த்து அடிக்கும் குளிர்கால மழை. கூட்டத்துக்கு வரும் பெண்கள் ஆளுக்கொரு தட்டில் பலகாரம் கொண்டுவருவது வழக்கம். யார் என்ன கொண்டுவர வேண்டும் என்று பத்து வருடம் பட்டியல் போட்டவளே நோலீன்தான். அன்றும் நீலக்கரைத் தட்டு ஒன்றை வெள்ளைத் துணியால் மூடி மடியில் வைத்துக் காரில் வந்தாள். இறங்கி நேராக நடந்து மேசைமேல் வைத்தாள். பெருமையோடு துணியை எடுத்தாள்.

தட்டு காலி. கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது.

எல்வின் கதவருகே குடையை மடக்கிக்கொண்டிருந்தார். மேசைக்குப் பக்கத்தில் இருந்தவர் கார்த் ஒருவர்தான். அவர் தம் டப்பாவைத் திறந்து, தேங்காய்த்தூள் புரட்டிய லாமிங்டன் கேக்குகளை எடுத்து நோலீனின் தட்டில் அடுக்கினார். ஆறு துண்டு. பிறகு உரக்கச் சொன்னார்:

"நோலீன் லாமிங்டன் வந்தாச்சு! யாரும் தொடாதீங்க, முதல் துண்டு எனக்கு!"

"எப்பவும் நீதான் முதல்ல, பேராசைக்காரா" என்றாள் நோலீன்.

எல்லோரும் வந்து எடுத்தார்கள். நன்றாக இருக்கிறது என்றார்கள். நோலீன் எல்லோருக்கும் நன்றி சொன்னாள்.

அன்று எல்வின் நின்று பேசவில்லை. கூட்டம் கலைந்த பிறகு கார்த்தின் காரருகே மழையில் போய் நின்றார்.

"உன்கிட்ட பழைய விண்டோஸ் ஏழு டிஸ்க் இருக்கா?"

கார்த் அவரையே பார்த்தார். "இருபது வருஷமா நீ இதைக் கேக்கணும்னு காத்துக்கிட்டிருந்தேன், எல்வின். என்னென்ன சொல்லிச் சிரிக்கணும்னு எல்லாம் யோசிச்சு வெச்சிருந்தேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்ப சிரிப்பு வரமாட்டேங்குது. அன்னிக்கு நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும்."

"கேட்டது நீ. செஞ்சது நான்" என்றார் எல்வின்.

மீன்பிடி சாமான் வைக்கும் பெட்டியில் கார்த் பழைய டிஸ்க்குகளையெல்லாம் வைத்திருந்தார். அன்று மாலையே வந்தார். நகல் இருந்தால் ஒரு மணி நேர வேலை. நகல் இல்லாததால் ஒவ்வொன்றையும் நினைவிலிருந்து கட்ட வேண்டியிருந்தது. எல்வின் மகளைக் கூப்பிட்டார்.

"மெரின், போன கிறிஸ்துமஸ்ல எடுத்த படம் உங்கிட்ட இருக்கா? அம்மா கம்ப்யூட்டர் முன்னால உக்காந்த மாதிரி."

"இருக்குப்பா. இப்பவே அனுப்புறேன்."

"இன்னொண்ணு. டாக்டர் போன வருஷம் ஒண்ணு சொன்னாரு. உங்கிட்ட சொல்லியிருக்கணும்."

சொன்னார். காரில் விட்டுவந்த வார்த்தை அன்று வீட்டுக்குள் வந்தது.

படத்தில் நோலீனின் தோளுக்குப் பின்னால் திரை தெரிந்தது. அதைப் பெரிதாக்கிப் பார்த்துப் பார்த்து, கிழவர்கள் இருவரும் ஒவ்வொரு சின்னத்தையும் அதனதன் இடத்தில் வைத்தார்கள். சீட்டு விளையாட்டு மேலே. அதன் கீழே கடிதங்கள். எப்போதோ தூக்கிப்போட்ட பிரிண்டருடைய சின்னம் ஒன்று, அழுத்தினால் எங்கும் போகாதது.

"இது எதுக்குய்யா? செத்துப்போனது" என்றார் கார்த்.

"அங்க இருந்துச்சு. இருக்கட்டும்."

கடைசியில் எல்வின் பெங்குவினை நகத்தால் சுரண்டி எடுத்தார். அடியில் பசை கொஞ்சம் மிச்சம் இருந்தது. தம் கைக்குட்டையை நனைத்து அதையும் துடைத்தார்.

ஞாயிறு வந்தது. கோழி அடுப்பில் இருந்தது. நோலீன் மேசைக்குப் போகிறாளா இல்லையா என்று பார்க்காததுபோல எல்வின் சமையலறை வாசலில் நின்றார். மூன்று மாதத்துக்கும் மேலாகிவிட்டது. அந்த வழியும் அழிந்திருக்கலாம்.

அவள் உட்கார்ந்தாள். கை இடது மூலைக்குப் போனது. வட்டம். மூன்றாவது வரி. வெள்ளைத் தாள் திறந்தது. விசைகள் தட்டுப்படும் சத்தம் கேட்டது, நின்று நின்று, ஆனால் நிற்காமல். எல்வின் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

அரைமணி நேரத்தில் தாள் பிரிண்டரிலிருந்து வந்தது. நோலீன் அதை மடித்து அவரிடம் கொடுத்தாள்.

"படிச்சுப் பாரு. எழுத்துப்பிழை இருந்தா ஏவிஸ் என்னை உரிச்சுடுவா."

பிழை ஒன்றும் இல்லை. இந்த வாரம் வெயில் தாங்கவில்லை, அக்கா, என்று எழுதியிருந்தாள். பீன்ஸ் கொடி நிறையக் காய்த்திருக்கிறது, பறித்து மாளவில்லை. அடுத்த சனிக்கிழமை எல் என் கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு போய் ஏதோ மாற்றப் போகிறான். எனக்கு இஷ்டமில்லை. ஆனால் அவனுக்கு அது முக்கியம்போல இருக்கிறது.

ஜன்னலுக்கு வெளியே ஜூன் மழை பெய்துகொண்டிருந்தது. தோட்டத்தில் பீன்ஸ் கொடி காய்ந்து கம்பில் கறுத்துத் தொங்கியது. நோலீன் தன் கடிதங்களின் பிரதிகளைப் போட்டு வைக்கும் பெட்டியிலிருந்து எல்வின் பழைய தாள்களை எடுத்துப் பார்த்தார். பிப்ரவரி கடைசி ஞாயிறு அவள் எழுதிய கடிதம் கிட்டத்தட்ட வரிக்கு வரி இதேதான். அன்று ஏவிஸுக்குப் போனது. வீட்டிலேயே ஒரு பிரதி இருந்தும் அவர் படித்துப் பார்த்ததில்லை. அக்கா தங்கைக்கு நடுவில் தமக்கென்ன வேலை என்று இருந்துவிட்டார்.

அவள் விட்ட இடத்திலிருந்துதான் தொடங்கியிருந்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு வாரங்களே இல்லை.

"தப்பு இருக்கா?" என்று நோலீன் கேட்டாள்.

"உன் பக்கம் ஒரு தப்பும் இல்ல."

பேனாவை எடுத்தார். கடிதத்தின் அடியில், தம் நேரான கையெழுத்தில், இதுவரை தாம் அந்தக் கடிதங்களில் எழுதியிராத இரண்டு வரியை எழுதினார். ஏவிஸ், பிரிண்டர் கெடவே இல்லை. இவள் எழுதும் வழியை நான்தான் கெடுத்தேன், இனி எல்லா ஞாயிறும் இவள் என்ன எழுதினாலும் அப்படியே அனுப்புகிறேன், முன்பே படித்ததாக இருந்தாலும் நீ பதில் போடு.

உறையை ஒட்டி, மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, தெருமுனைத் தபால்பெட்டி வரை நடந்து போய்த் திரும்பினார்.

"போட்டுட்டியா?"

"போட்டுட்டேன்."

"இந்த வெயில்லயா போன?" என்றாள் நோலீன். அவர் தோளிலிருந்து வழிந்த தண்ணீரைத் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் ஒற்றி எடுத்தாள்.