யூனிட்டுக்கு ஒரு மாற்றாள்

அந்த ஆடி மாதம் முழுக்கச் சுப்பண்ணன் ஓர் ஆளைத் தேடி அலைந்தார். எந்த ஆளானாலும் பரவாயில்லை, கையில் ரொக்கம் இருந்தால் போதும்.

பதினாறு வருஷமாக அடுத்தவர் பனியன் கம்பெனியில் நிட்டிங் மிஷின் ஓட்டுகிறவர் அவர். சொந்தமாக ஒரே ஒரு மிஷின், அதை நெருப்பெரிச்சல் ஊரில் இருக்கும் தன் வீட்டுச் சாய்ப்பில் இறக்கி, வாசலில் தன் பெயரில் ஒரு போர்டு. அவ்வளவுதான் அவர் ஆசை. பனியன் கம்பெனிக்காரர் கந்தவேல் தன் மிஷின்களில் ஒன்றை விற்கப் போவதாகச் சொன்ன நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"ஆவணி பொறக்கற வரைக்கும் உனக்காக வெச்சிருப்பேன். அதுக்கு மேல என்னைக் கேக்கப்படாது" என்றார் கந்தவேல்.

பணம் இல்லாமல் இல்லை. குன்னத்தூர்ப் பக்கம் தன் பங்கு நிலத்தை விற்ற தொகைக்கு, பேங்க் மேனேஜர் பேச்சைக் கேட்டு, யூனிட் டிரஸ்டில் யூனிட் வாங்கிப் போட்டிருந்தார். வருஷா வருஷம் டிவிடெண்ட் ஒழுங்காக வந்தது. நாடு முழுக்கச் சேர்ந்து போடும் ஒரு பெரிய சீட்டு என்றுதான் அவர் அதைப் புரிந்துவைத்திருந்தார். சீட்டென்றால் அதற்கொரு முறை உண்டு. நடுவில் விலகுகிறவன் தன் இடத்துக்கு இன்னொருவனைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். நிறுத்தாதவனை அந்த வட்டாரத்தில் யாரும் மனுஷனாக மதிப்பதில்லை.

"ஏனுங்க, பேங்குல போயி ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கறதுதானுங்க?" என்றாள் மனைவி ரங்காத்தாள்.

"கூறு இருக்குதா உனக்கு? சீட்டுல இருந்து வெலகறேன்னு வாயைத் தொறந்தா, பொழுது சாயறதுக்குள்ள நூல்கடைக்குத் தெரிஞ்சு போயிரும். அப்புறம் கடனுக்கு எவன் நூல் குடுப்பான்? மிஷினை வாங்கிக் காத்தையா ஓட்டறது?"

இந்த நியாயத்தில் யாரும் குறை காண முடியாது. திருப்பூரில் நூல் கடனில்தான் வந்தது, கடன் நல்ல பேரை நம்பித்தான் வந்தது. எனவே சுப்பண்ணன் பேங்க் இருந்த தெருவையே தவிர்த்துவிட்டு, ரகசியமாக ஆள் தேடினார். மச்சானிடம் போனார், சம்பந்தியிடம் போனார், சாமளாபுரத்தில் தறிக்காரர்களைப் பார்த்தார். எல்லோரும் மோர் மட்டும் கொடுத்தார்கள்.

கடைசியில் மிஞ்சியது பங்காளி மாரப்பன். பருத்தி விற்ற பணம் முழுசாக வைத்திருந்தவர். இரு வீட்டுக்கும் நடுவே பின்பக்கப் பொடக்காலியில் இருக்கும் இரண்டடிச் சந்து யாருடையது என்பதில் தகராறாகி, இருவரும் பேச்சு வார்த்தை விட்டு வெகுகாலம். சுப்பண்ணன் மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு அந்த வாசலில் ஏறினார்.

ஏறியவர் ஒளிவுமறைவில்லாமல் பேசினார். யூனிட்டைப் பற்றிச் சொன்னார். எதற்காக விலகுகிறார் என்று மாரப்பன் கேட்டதும் மிஷினைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். ஒரு நாளைக்கு எத்தனை ராத்தல் துணி இறங்கும், கூலி போக என்ன நிற்கும், கந்தவேல் கேட்கும் விலை எவ்வளவு சல்லிசு என்று சொல்லச் சொல்ல அவர் முகமே மலர்ந்துவிட்டது. மாரப்பன் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார்.

"சரி, உன்ற எடத்துல நான் நிக்கறேன். ஆனா அந்தச் சந்து என்னுதுன்னு மாரியம்மன் கோயில்ல நாலு பேர் முன்னால நீ சொல்லிப்போடோணும்."

வெள்ளிக்கிழமை சுப்பண்ணன் சொன்னார். சாமி முன்னால் சொன்னதைத் திருப்பி வாங்க முடியாது. வீட்டுக்கு வந்தபோது ரங்காத்தாள் அவரைப் பார்க்காமல் தட்டை வைத்தாள்.

ஆவணி பிறக்க மூன்று நாள் இருக்கும்போது இருவரும் பேங்குக்குப் போனார்கள். மாரப்பன் மடியில் பணம் கனத்தது.

"இவருதானுங்க என்ற மாற்றாள்" என்றார் சுப்பண்ணன்.

மேனேஜர் மாரப்பனை மேலும் கீழும் பார்த்தார். "எதுக்குங்க மாற்றாள்?"

"நான் வெலகறேனுங்க. என்ற எடம் காலியா இருக்கப்படாதுங்களே."

"அய்யோ, இது சீட்டு இல்லீங்க. இதுல இத்தனை பேருன்னு கணக்கே கெடையாது. எல்லாரு பணத்தையும் சேத்துப் பல கம்பெனில போட்டிருக்காங்க. எத்தனை பேரு வேணும்னாலும் வரலாம், வேண்டாம்னா போலாம். நீங்க ஒப்படைச்சா, அன்னைக்கு என்ன வெலையோ அதுக்கு டிரஸ்டே திருப்பி வாங்கிக்கும். கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்கன்னா பத்துப் பன்னெண்டு நாள்ல செக் வந்துரும்."

"ஆடி ஒண்ணாந் தேதி வந்திருந்தா?" என்று கேட்டார் சுப்பண்ணன்.

"ஆடி பாதியில பணம் கைக்கு வந்திருக்குமுங்க."

அவர் கையெழுத்துப் போட்டார். அப்படியானால் நமக்கு இங்கே வேலையில்லை என்று மாரப்பன் எழுந்துகொண்டார். இன்னும் பத்து நாள் தவணை கேட்க வேண்டும் என்று சுப்பண்ணன் நேரே கந்தவேல் கம்பெனிக்கு ஓடினார். காதர்பேட்டைப் பக்கம் ஒரு தெரிந்தவர் பிடித்து நிறுத்தி நலம் விசாரித்ததில் கொஞ்சம் தாமதம். அவர் போய்ச் சேர்ந்தபோது மிஷினை வண்டியில் ஏற்றிக் கயிறு போட்டுக்கொண்டிருந்தார்கள். முழு ரொக்கம் கொடுத்துவிட்டு, மாரப்பன் வண்டிக்காரனுக்குத் தன் வீட்டுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஆவணிக்கு இன்னும் மூணு நாள் இருக்குதுங்களே" என்றார் சுப்பண்ணன்.

"உன்ற மாற்றாளுன்னு சொல்லித்தானப்பா பணத்தைக் குடுத்தாரு? உனக்குத்தான் வாங்கறார்னு நெனைச்சேன்" என்றார் கந்தவேல். கந்தவேல் சொன்னது பொய்யில்லை.

செக் சொன்னபடி வந்தது. அந்தப் பணத்தை வீட்டில் வைத்திருக்கவே சுப்பண்ணனுக்குப் பிடிக்கவில்லை. ஒரு மாதம் பார்த்துவிட்டு மறுபடி பேங்குக்குப் போய் யூனிட்டே கேட்டார். விற்கிற விலை திருப்பி வாங்குகிற விலையைவிடச் சற்றுக் கூடுதல் என்றும், நடுவில் இருப்பது செலவுக்கு என்றும் மேனேஜர் விளக்கினார். பழைய அளவுக்குச் சில யூனிட் குறைந்தது.

"எதுக்குங்க எடுத்தீங்க, எதுக்கு மறுபடி போடறீங்க?"

"எடுத்தா வருதான்னு சும்மா பாத்தேனுங்க."

மேனேஜருக்கு ஒரே மகிழ்ச்சி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நூல்கடைக்காரரைத் திரும்பிப் பார்த்து, "பாத்தீங்களா, இவராட்டம் வெவரமா இருக்கோணுமுங்க" என்றார். நூல்கடைக்காரர் எழுந்து வந்து கை கொடுத்தார். எத்தனை மூட்டை வேண்டுமானாலும் கடனுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

சுப்பண்ணனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இருமுவது போலத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, "ஆகட்டுமுங்க" என்றார்.