மெஷினுக்கு எதற்கு நோட்டீஸ்

சுவரை எதிரில் உட்காரவைத்தால் அதனிடமும் கையெழுத்து வாங்கிவிடுவேன் என்று சாம்பசிவன் சொன்னதும், சிட்லபாக்கம் ஏரிக்கரையில் கூட நடந்துகொண்டிருந்த பத்ரிநாராயணன் நின்றேவிட்டார்.

"சுவர்கிட்ட வேணா வாங்கும் ஓய். கம்ப்யூட்டர்கிட்ட நடக்காது. அதுக்கு மனசா, மண்ணாங்கட்டியா?"

பத்ரி கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். தன் பிறந்த தேதியையே சான்றிதழைப் பார்த்த பிறகுதான் நம்பினார். சாம்பசிவன் ரயில்வேயில் முப்பது வருஷம் தொழிற்சங்கச் செயலாளர். பதினாலு நாள் நோட்டீஸ் கொடுக்காமல் ஒரு வேலைநிறுத்தம்கூடச் செய்ததில்லை. போட்ட ஒப்பந்தத்தை மீறியதில்லை. அவர் ஓய்வு பெற்ற அன்று எதிர்த்தரப்பு அதிகாரிகள் விட்ட கண்ணீரில்தான் அந்த வருஷம் ஏரி நிரம்பியது.

அப்பேர்ப்பட்டவர்தான் இப்போது ஒப்பந்தத்தை உடைத்துவிட்டு நின்றார்.

இரண்டாயிரத்து ஐந்தில், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் விளையாட்டு சிடி வாங்கினார். விளக்கப் புத்தகம் கிடையாது. ஐந்து ராஜாக்கள் கம்ப்யூட்டரின் ஆட்கள், ஆறாவது ராஜா நாம். ஊர் கட்டலாம், வியாபாரம் செய்யலாம், சண்டையும் போடலாம். தலைநகருக்கு என்ன பெயர் என்று கேட்டது. ஒற்றை விரலால் 'காமு' என்று தட்டினார். மனைவி காமு காலமாகி அப்போது இரண்டு வருஷம்.

எட்டு மாதத்தில் பத்து ஊர்கள் எழும்பின. பக்கத்து நீலக்கொடி ராஜாவோடு சமாதான ஒப்பந்தம். ஆனால் அவனுடைய எல்லையில் ஓர் இரும்புச் சுரங்கம் இருந்தது, அது சாம்பசிவனின் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒப்பந்தத்தை ரத்து செய்யத் தனிப் பொத்தான் உண்டு. அதை அழுத்திவிட்டுப் பத்து சுற்றுகள் காத்திருக்க வேண்டும்.

'மெஷினுக்கு எதற்கு நோட்டீஸ்?' என்று படையை அனுப்பிவிட்டார்.

சுரங்கம் ஒரே சுற்றில் விழுந்தது. அவர் சிரித்த சிரிப்பில் தாம்பரம் ஸ்டேஷன் அறிவிப்பு யார் காதிலும் விழவில்லை. அடுத்த சுற்றில் சிரிப்பு போய்விட்டது. நீல ராஜா மட்டுமல்ல, இந்த வம்பில் சேராத மற்ற நாலு பேரும் தூதர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். கப்பல்கள் நின்றன. அவர் அனுப்பிய ஒவ்வொரு சமாதானக் கோரிக்கைக்கும் ஒரே பதில்தான் வந்தது: சொன்ன சொல்லைக் காப்பாற்றாதவரோடு பேச்சில்லை. ஒன்பது ஊர்கள் போயின. மிஞ்சியது காமு. நீலப் படை அதை நோக்கி வந்துகொண்டிருந்தது.

எப்படிக் கையெழுத்து வாங்குகிறார் பார்க்கலாம் என்று பத்ரி, சாம்பசிவன் வீட்டுக்கே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பழைய ஆட்டத்தைச் சேவ் பண்ணி வச்சிருப்பீரே? அதைத் திறந்து, சண்டையே போடாத மாதிரி ஆரம்பியும்."

"பழைய தேதி போட்டுக் கையெழுத்து வாங்கச் சொல்றீரா? அந்த வேலை எனக்குப் பழக்கமில்லை."

"விளையாட்டுதானே ஓய்!"

சாம்பசிவன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். திரையில் ஒரு சின்ன ஊர், கூரைகளில் புகை, அதன் கீழே அந்தப் பெயர். காய்கறி வாங்கப் போனால்கூடச் சொல்லிவிட்டுக் கிளம்புகிறவள், ஒரே ஒரு முறைதான் சொல்லாமல் போனாள்.

சுரங்கத்தைத் திருப்பிக் கொடுத்தார். கேட்காமலே ஒவ்வொரு சுற்றிலும் தானியம் அனுப்பினார். கூடவே கோரிக்கையும். மறுப்பு. மறுபடி மறுப்பு. சந்தோஷமாக விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்த பத்ரி, பன்னிரண்டுக்கு மேல் எண்ணுவதை நிறுத்திவிட்டார். பதினேழாவதும் மறுக்கப்பட்டபோது நீலப் படை கோட்டை வாசலுக்கே வந்திருந்தது.

சாம்பசிவன் ஊருக்குள் இருந்த கடைசி முந்நூறு வீரர்களை வெளியே எடுத்துக் கடற்கரைக்கு அனுப்பினார்.

"என்ன பண்றீர்? ஊர் திறந்து கிடக்கு! அவன் நடந்தே உள்ள போயிடுவான்!"

"தப்பு என் பேர்ல. கையில கம்பை வச்சுண்டு மன்னிப்புக் கேட்டா எவன் ஓய் நம்புவான்?"

"நம்பறதுக்கு அங்க எவனும் இல்லைன்னுதானே சொல்றேன்! காமு பேர் வச்ச ஊர் ஓய்..."

"தெரியும்."

பதினெட்டாவது கோரிக்கையை அனுப்பினார். சுற்றை முடிக்கும் பொத்தான்மேல் விரலை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார்.

திரையில் மணல் கடிகாரம் கவிழ்ந்து கவிழ்ந்து விழுந்தது. பூமி தன் அச்சில் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போனது. நீலப் படை வாசலில் அசையாமல் நின்றது. பிறகு மெல்லத் திரும்பியது. திரையில் தூதன் ஒருவன் வந்து நின்றான், அவன் கீழே ஒரு வரி. சாம்பசிவனுக்கு எழுத்துகள் கலங்கித் தெரிந்தன.

"நீர் வாசியும்."

பத்ரி வாய்க்குள் வாசித்தார். எழுந்து போய்த் திரைக்குப் பக்கத்தில் குனிந்து இன்னொரு முறை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாவது முறையும்.

"சமாதானத்துக்கு ஒத்துண்டுட்டான் ஓய்," என்றார் கடைசியில். "யார் கேட்டாலும் சொல்றேன். நடந்தது. நான் பார்த்தேன்."