நெஞ்சு ஆபரேஷன்

"கேன்சர்னு யாரும் வாயத் தொறந்துறாதீக. நெஞ்சு ஆபரேஷன்னு சொல்லுங்க, போதும்" என்று தீர்ப்பு எழுதிவிட்டாள் ஆரோக்கியம்மாள். சகாயராணியின் நாத்தனார். அவள் பயத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. சகாயராணியின் மகள் பெனிட்டாவுக்குப் போடியில் மாப்பிள்ளை பேசி முடித்தாகிவிட்டது. கோயிலில் ஓலை வாசிப்பதுதான் பாக்கி. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று சாமியார் கேட்கிற அந்த மூன்று ஞாயிறும் தாண்டவேண்டும். ஆத்தாளுக்கு வந்தது மகளுக்கும் வரும் என்று ஒருத்தி கிளப்பிவிட்டால் போதாதா?

ஆபரேஷன் அன்று காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. டாக்டரம்மா இடது மார்பில் நீலப் பேனாவால் கோடு போட்டார். எங்கே வெட்டவேண்டும் என்று துணியில் தையல்காரர் போடுகிற கோடு மாதிரிதான் இருந்தது. அதைக் குனிந்து பார்த்தபோது சகாயராணிக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. கட்டி தட்டுப்பட்டும் ஆறு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தவள் இவள்தானே. பேரன் பார்க்கிற வயதில் என்ன வெட்கம் வேண்டிக்கிடக்கிறது!

"தாலியக் கழட்டணும்மா" என்றாள் நர்ஸ்.

கல்யாணம் ஆனதிலிருந்து கழுத்தைவிட்டு இறங்காத தாலி. கணவர் ஆரோக்கியசெல்வம் நற்கருணை வாங்குவதுபோல இரண்டு கையையும் ஏந்தி வாங்கினார். சட்டைப் பையில் போட்டு, மேலே உள்ளங்கையை வைத்து அமுக்கிக்கொண்டார். அந்த மனுசனுக்குத் திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிக்கத் தெரியும், தண்ணி பாய்ச்சத் தெரியும், பொண்டாட்டிக்கு ஆறுதல் சொல்ல மட்டும் வராது. "போய்ட்டு வா" என்றார், சந்தைக்கு அனுப்புகிற மாதிரி. சகாயராணிக்கு அது போதுமாக இருந்தது.

முழித்தபோது தொண்டை வறண்டு கிடந்தது. இடது பக்கம் பெரிய கட்டு. கக்கத்துக்குக் கீழே இருந்து ஒரு குழாய் இறங்கி, அதன் முனையில் பிளாஸ்டிக் டப்பா. ரத்தமும் நீருமாக அதில் சொட்டிக்கொண்டிருந்தது. கட்டுக்கு மேலே வலது கையை வைத்துப் பார்த்தாள். தட்டையாக இருந்தது. பெனிட்டா பால் குடித்த மார்பு. சத்தம் வராமல் அழுதாள்.

டப்பாவோடுதான் ஊருக்கு அனுப்பினார்கள். அதை ஒரு மஞ்சள் பைக்குள் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டாள். கையை விறைக்கவிடக்கூடாது என்பதால் சுவரில் விரலை வைத்து மெல்ல மெல்ல மேலே ஏற்றவேண்டும். தோள் உயரம் வருவதற்குள் உயிர் போய் உயிர் வரும். தலையைப் பெனிட்டாதான் சீவிவிட்டாள்.

பார்க்க வந்த சனங்களோ படுத்திவைத்தார்கள். நெஞ்சுக்காரிக்கு உப்பு ஆகாதாம், எண்ணெய் ஆகாதாம். ஆளாளுக்கு உப்பில்லாத கஞ்சியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "டாக்டரு நல்லாச் சாப்புடச் சொன்னாக" என்று சொல்லவும் முடியாது. கருவாட்டுக் குழம்புக்கு ஏங்கிக்கொண்டு கஞ்சியை விழுங்கினாள். என்ன ஆபரேஷன் என்று கேட்டவர்களிடமெல்லாம் ஆரோக்கியசெல்வம் "வால்வு" என்று சொல்லிவிட்டு மேலே கூரையைப் பார்த்தார்.

அடுத்த வாரம், சொல்லாமல் கொள்ளாமல் போடியிலிருந்து மாப்பிள்ளையின் தாய் ஞானபாக்கியம் வந்து இறங்கினாள். ஏலக்காய்க் கடைக்காரர் சம்சாரம், நல்ல விவரமான பொம்பளை. கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவளின் கண், சேலைக்குள்ளிருந்து பைக்குப் போகிற குழாயில் நின்றது.

"எங்க வீட்டுல அவுகளுக்கு பைபாஸ் பண்ணப்ப நடுநெஞ்சுலதான் கீறுனாக. ஒங்களுக்கு என்ன சம்மந்தி, கக்கத்துல கொழா வருது?"

அட கொடுமையே! பைபாஸ்காரர் பக்கத்திலேயே இருந்து பார்த்தவளிடமா போய் இந்தப் பொய்யைச் சொன்னார்கள்?

அடுப்படியில் ஆரோக்கியம்மாள் பாத்திரத்தை உருட்டினாள். சொல்லாதே என்று அர்த்தம். சகாயராணியும் வால்வு என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். மகளின் வாழ்க்கையாயிற்றே. ஆனால் இந்தப் பொய்யைப் பெனிட்டா அல்லவா போடிக்குச் சுமந்துகொண்டு போய், ஆயுசுக்கும் அந்த வீட்டில் காபந்து பண்ணவேண்டும்?

"நெஞ்சுல ஒண்ணும் இல்ல சம்மந்தி. மார்ல கட்டி. கேன்சரு. ஒரு பக்கம் முழுசா எடுத்துட்டாக. பொய் சொல்லிப் பொண்ணக் குடுக்க எனக்கு மனசில்ல. வேணாம்னா ஓலை வாசிக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிருங்க."

பாத்திரச் சத்தம் நின்றுபோனது. ஞானபாக்கியம் எழுந்து வாசல் பக்கம் போனாள். அவ்வளவுதான், மகளின் கல்யாணத்தைத் தன் வாயாலேயே கெடுத்துவிட்டோம் என்று நினைத்தாள் சகாயராணி. போனவள் வெளியே போகவில்லை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத் திரும்பி வந்து, கட்டிலிலேயே ஒட்டி உட்கார்ந்தாள்.

"கட்டி வலிச்சுச்சா?" என்று கேட்டாள்.

"வலிச்சிருந்தா அப்பவே ஓடியிருப்பனே. வலிக்கவே இல்ல."

ஞானபாக்கியத்தின் முகம் வெளுத்துப்போனது. சகாயராணியின் வலது கையைப் பிடித்துத் தன் முந்தானைக்குள் கொண்டுபோய், கக்கத்து ஓரமாக வைத்து அழுத்தினாள். புளியங்கொட்டை அளவுக்குக் கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டது. சகாயராணியின் விரலுக்கு அது என்னவென்று தெரியாதா?

"எம்புட்டு நாளா?"

"ஈஸ்டருக்கு முன்ன இருந்து. யார்ட்டயும் மூச்சு விடல. பயலுக்குக் கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன். பொண்ணு வீட்டுக்குத் தெரிஞ்சா, நீங்க வேணாம்னு சொல்லிருவீகளோன்னு..."

"அடிப் பாவி!" என்றாள் சகாயராணி. சம்பந்தி மரியாதையெல்லாம் பறந்தே போனது. வைத்த கையை எடுக்காமல் அவளைத் தன் வலது தோளில் சாய்த்துக்கொண்டாள். "நாளைக்கு எனக்குக் கொழா எடுக்கணும். நீயும் எங்கூட ஆஸ்பத்திரிக்கு வர்ற. கல்யாணத்தப் பொறவு பேசிக்குவோம். மொதல்ல அதப் பாக்க நாம ரெண்டு பேரும் இருக்கணும்."